சளி பிடித்த மல்லன்

பிரான்ஸின் வடக்கு எல்லையில், தூர்குவான் ஊர்ச் சதுக்கத்தில் ஜோசியானின் உருளைக்கிழங்கு வறுவல் வண்டியைத் தெரியாதவர் கிடையாது. கணவன் செத்த பிறகு அந்த எண்ணெய்ச் சட்டிதான் அவளையும் மகன் லுதோவிக்கையும் கரைசேர்த்தது. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். பொய் சொன்னால் மட்டும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டைக்கு பிரான்ஸில் அனுமதி இல்லாத காலத்திலேயே மகன் அதில் விழுந்துவிட்டான். சண்டை போட எல்லை தாண்டி பெல்ஜியத்துக்குப் போவான். யாராவது கேட்டால், "கிழங்கு வாங்கப் போயிருக்கான்" என்பாள். கண் வீங்கி வந்தால், "மூட்டை சரிஞ்சு விழுந்துடுச்சு" என்பாள். ஊரும் நம்பியதுபோல் நடித்தது. நல்ல ஜனங்கள்.

இப்போது அனுமதி வந்துவிட்டது; பேருந்து நிறுத்தத்திலேயே அவன் படம். பாரிஸில் பெரிய சண்டையை ஜெயித்துவிட்டு, சந்தை நாளன்று ஊருக்கு வந்தான். முந்தின நாள் போனில் சொல்லியிருந்தான்: "அம்மா, இடது கன்னத்து எலும்புல விரிசல். பாத்தா தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடாத, அடுத்த ஆளு அங்கயே குறி வைப்பான். திரும்ப அடிபட்டா சண்டையையே மறந்துடுன்னுட்டார் டாக்டர்."

ஆனால் அந்த ஊரில் வணக்கம் என்றாலே இரண்டு கன்னத்திலும் முத்தம்தான். மறுத்தால் செருப்பால் அடித்த மாதிரி. அத்தனை பெரிய உடம்பை வளைத்து ஒவ்வொருவருக்கும் கன்னம் கொடுத்தான். கறிக்கடை ஃபிர்மன் தாடியோடு அழுத்தினார். ஒவ்வொரு முறையும் லுதோவிக்கின் இடது கண் சுருங்கியது. பெற்ற வயிறு பொறுக்குமா?

முத்தத்தை மறுக்க அங்கே ஒரே ஒரு சாக்குதான் செல்லும். கரண்டியை ஓங்கிக்கொண்டு கத்தினாள்: "டேய் லுதோ! நேத்து போன்ல அந்த இருமு இருமினியே! சளிய வச்சுக்கிட்டு ஊருக்கே முத்தமாடா?"

கூட்டம் பின்வாங்கியது. ஃபிர்மன் அவசரமாகத் தாடியைத் துடைத்தார். "எவ்வளவு பெரிய மல்லன், மூக்கு ஒழுகுதாம்!" என்று யாரோ கிண்டலடித்தார்கள். லுதோவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு தரம் இருமினான். படுமோசமான நடிப்பு.

பிறகு அம்மாவிடம் வந்து, பழக்கத்தில் குனிந்தான். பயிற்சிக்கென்று போனவன் முகத்தை மாதக்கணக்கில் அவள் பார்க்கவில்லை. அந்தக் கன்னத்துக்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் மார்பில் கை வைத்துத் தடுத்தாள்.

"சளிக்காரனே, தள்ளி நில்லு."

சொல்லிவிட்டு, முட்டியெல்லாம் காய்த்துப்போன அவன் கையை இழுத்து, ஒரு கன்னத்துக்கு ஒன்று, மறு கன்னத்துக்கு ஒன்று என்று அதில் இரண்டு முத்தம் வைத்தாள்.

"ஏ ஜோசியான், உனக்கும் ஒட்டிக்கும்!" என்றார் ஃபிர்மன்.

"ஒட்டட்டும், எனக்குத்தானே," என்றாள், கையை விடாமல்.