மீன்தொட்டியின் பின்சீட்டு

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவளுக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, டீயை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிடுவது. ஆறட்டும் என்று காத்திருந்தால் அடுத்த தெருப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு முனையில் நிற்கும். இன்னொன்று, வேனை எங்கே நிறுத்தினாலும் கடைசி சீட்டு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவது. எல்லாப் பிள்ளைகளும் இறங்கியதைப் படியருகில் நின்று அவளே பார்த்திருப்பாள். ஆனாலும் போய்ப் பார்ப்பாள்.

"அப்படி என்னம்மா அங்க தேடுற?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"உன்னைத்தான்."

மகளுக்குக் கல்யாணமாகி அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. அம்மா ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று விட்டுவிட்டாள்.

வேன் ஓட்டுகிற இவளுக்குப் புகுந்த வீட்டில் 'பின்சீட்டு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர் அவள் கணவரின் அண்ணன். அவரை வீட்டில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவள் மட்டும் அத்தான் என்பாள். பெரியவர் தண்ணீர் மோட்டார் விற்கிற கடை வைத்திருந்தார். கடை நன்றாக ஓடிய நாட்களில்தான் அந்த வண்டி சந்தைக்கு வந்தது.

அது இந்தியக் கம்பெனி ஒன்று செய்த வண்டி. அதுவரை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பிக்கப் ஒன்றின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் குடும்பம் உட்காருகிற மாதிரி ஓர் உடம்பைக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஏசி. பொத்தானை அமுக்கினால் இறங்குகிற முன் கண்ணாடி. பின்பாதியில் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் வளைந்து ஏறுகிற பெரிய கண்ணாடி, அது திறக்காது. அப்படியொன்றை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. வண்டி போனால் கடைக்காரர்கள் எடைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஊரில் முதல் வண்டியை வாங்கியவர் பெரியவர். ஷோரூம்காரர்கள் மாலை போட்டு எடுத்த போட்டோ கடையில் கல்லாவுக்குப் பின்னால் வெகுகாலம் தொங்கியது.

ஒரே ஒரு குறை. பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின்னால் ஏற வேண்டுமானால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டை மடக்கி, குனிந்து, உடம்பைக் கோணி நுழைய வேண்டும். இறங்குவதும் அப்படித்தான், முன்னால் இருப்பவர் இறங்கி, அவராக மனம்வைத்து சீட்டை மடக்கிவிட வேண்டும். ஸ்டியரிங்கில் பெரியவர், பக்கத்தில் அவள் மாமியார் அல்லது அவள் கணவர். பெரியவர் மனைவிக்குக் கார் என்றாலே குமட்டும், வரமாட்டார். அதனால் பின்சீட்டு முழுவதும் இவளுக்குத்தான். கண்ணாடிக்குள் இவள் உட்கார்ந்து போவதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் வண்டிக்கு மீன்தொட்டி என்று பெயர் வைத்தன. பெரியவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "எங்க வீட்டு மீன் ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்.

அவள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று போன் வந்தபோது, அவளுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். கணவர் முன்னால் உட்கார்ந்தார். பாதி வழியில் பெரியவர் வண்டியை ஒரு காம்பவுண்டுக்குள் திருப்பினார். வீடு கட்டிக்கொடுக்கிற கான்ட்ராக்டர் ஒருவரின் வீடு அது. புது வண்டியைக் காட்டச் சொல்லி அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அத்தான், அப்பாவுக்கு..."

"ரெண்டு நிமிஷம்மா. போற வழிதானே."

இருவரும் இறங்கினார்கள். சீட்டு நிமிர்ந்தே இருந்தது. கதவு சாத்தப்பட்டது.

முன்சீட்டுகளுக்கு நடுவே பெரியவர் பாட்டு கேசட் வைக்க மரப்பெட்டி ஒன்று அடித்திருந்தார். அதைத் தாண்டி ஏற அவளால் முடியாது. பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, சீட்டின்மேல் குப்புறச் சாய்ந்து கதவின் பிடிக்குக் கை நீட்டிப் பார்த்தாள். விரல் எட்டவில்லை. தையல் போட்ட இடம் சுரீர் என்றது. கண்ணாடியைத் தட்டினாள். கான்ட்ராக்டர் வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் வண்டியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டியதும் சிரித்துக் கையாட்டினார்கள். மறுபடி தட்டினாள். மறுபடி கையாட்டினார்கள். வெயிலில் பிள்ளையின் முகம் சிவந்து, அழுது அழுது குரல் அடைத்துப்போயிற்று.

அண்ணனும் தம்பியும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். "டீ நல்லாயிருந்துச்சு இல்ல?" என்று பெரியவர் தம்பியிடம் கேட்டார். தம்பி தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் காலிக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுமாதம் டிரைவிங் பழகப் போனாள். "எதுக்கும்மா உனக்கு இதெல்லாம்?" என்று கணவர் கேட்டார். "இறங்கறதுக்கு" என்றாள்.

வண்டிக்கும் நல்ல காலம் ரொம்ப நாள் இல்லை. முன்னால் உட்காருகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. ஒரு குடும்பத்தில் முன்னால் உட்காருகிறவர்கள் இரண்டே பேர் என்பது கம்பெனிக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. விற்பனை படுத்து, ஒருநாள் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். உதிரிபாகம் கிடைக்காமல் பெரியவரின் வண்டியும் கொல்லைப்புறத்தில் நின்றது. பாகம் பிரித்தபோது கடையும் முன்வீடும் அண்ணனுக்கு, பின்வீடு தம்பிக்கு என்றானது. "மீன்தொட்டியும் உங்களுக்கே. பின்சீட்டுக்காரிக்கு வேறென்ன குடுக்கறது?" என்று பெரியவர் சொல்ல, வந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பழைய இரும்புக்காரன் கேட்டுவந்த ஒவ்வொரு தடவையும் துரத்திவிட்டாள். மழைக்கு முன் தார்ப்பாய் மாற்றினாள். கணவர் காரணம் கேட்டால், "இருக்கட்டும். அது என்னைத் தின்னுதா?" என்பாள்.

எதற்காக வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். அவர் தட்ட வேண்டும். யாரும் திறக்கக் கூடாது. வேன் ஓட்டும்போது சிக்னலில் நிற்கையில் இதை நினைத்துக்கொள்வாள். நினைத்தால் தலைவலி விட்டுவிடும்.

இவ்வளவு வருஷம் கழித்து, அதே கம்பெனி அதே பெயரில் அந்த வண்டியைத் திரும்பக் கொண்டுவருவதாகச் செய்தி வந்தது. பழைய முகம், பழைய கண்ணாடி போலவே தோற்றம், ஆனால் பின்னால் இருப்பவர்களுக்கும் கதவு. மறுநாளே அவள் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். அவள் வேனைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். எல்லோரும் கிரீஸ் என்று கூப்பிடுவார்கள்.

"அக்கா, இதை உயிர் குடுத்து எழுப்பறதுக்கு நாலு புது வண்டி செஞ்சிரலாம்."

"முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் பாக்கறேன்."

"நான் எப்ப முடியாதுன்னேன்? என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க."

"எல்லாம் பழையபடி இருக்கணும். ஒரு ஸ்க்ரூ மாறக் கூடாது. நடுவுல இருக்கற பெட்டி உள்பட."

கிரீஸ் பல மாதம் அதோடு மல்லுக்கட்டினான். எங்கெங்கோ பழைய வண்டி உடைக்கிற இடங்களில் சொல்லிவைத்துச் சாமான் வாங்கினான். ஒருநாள் அவளைப் பட்டறைக்கு வரச்சொன்னான். முன்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் சீட்டின் அடிப்பகுதி இருந்த இடத்தில் டார்ச் அடித்தான்.

"இங்க பாருங்க. ஒரு பெடல் இருந்திருக்கு. பின்னாடி இருக்கறவங்க காலால மிதிச்சா முன்சீட்டு தானா மடங்கும். கதவோட பிடி அப்ப கைக்கு எட்டும். அவங்களே இறங்கிக்கலாம். யாரோ ரம்பம் வச்சு அறுத்திருக்காங்க."

அவள் குனிந்து பார்த்தாள். மழுங்கிய ஒரு துண்டு, விரல் நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப அறுத்தது?"

"புதுசுலயே. அறுத்த வாய்ல பெயிண்ட் அடிச்சு, மேல கார்ப்பெட்டை ஒட்டியிருக்காங்க. நீட்டான வேலை. வீட்ல வாலுப் பசங்க இருந்தாங்களோ?"

அந்த வீட்டில் அப்போது பிள்ளையே கிடையாது. அவள் வயிற்றில் இருந்தது ஒன்றுதான்.

அங்கே கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கிரீஸ் தண்ணீர் கொண்டுவந்தான்.

"வெல்டு வச்சுப் புதுசா ஒண்ணு போட்டுத் தரேன்க்கா. ஒரு மணி நேர வேலை."

"வேணாம்."

"எல்லாம் பழையபடின்னு சொன்னீங்களே?"

"இதுதான் பழையபடி" என்றாள்.

அடுத்த வாரம் பெரியவர் பின்வீட்டுக்கு வந்தார். மனைவி போய்ச் சேர்ந்தபின் ஆள் கொஞ்சம் ஒடுங்கியிருந்தார். மூட்டுவலி, கண்ணில் புரை, லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை. ஆனால் சட்டைக்கு இஸ்திரி மட்டும் விடவில்லை. புது வண்டி வெளியிடுகிற அன்று, ஓடுகிற நிலையில் உள்ள பழைய வண்டிகளெல்லாம் ஷோரூம் வரை ஊர்வலமாக வரவேண்டுமாம்.

"முதல் வண்டி வாங்கினவன் நான்தான்னு அவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார். "நான் வராம எப்படி?"

"வாங்க அத்தான். நான் ஓட்டறேன். அவர் முன்னாடி உட்காருவாரு. நீங்க பின்னாடி."

"நானா? பின்னாடியா?"

"கண்ணாடி பெருசு. ஊரே பாக்கும். முன்னாடி உட்கார்ந்தா யாருக்குத் தெரியும்?"

பெரியவர் யோசித்தார். ஊரே பார்க்கும் என்பது வேலை செய்தது.

"சரிதான். ஏறி இறங்கத்தான் சிரமம்."

"பின்னாடி இருக்கறவங்க தானா இறங்கறதுக்கு அதுல ஏதாச்சும் வழி இருந்துச்சா அத்தான்?"

"ஒண்ணும் கிடையாது. கம்பெனிக்காரன் பண்ணின தப்பும்மா அது. அதனாலதான் வண்டியே படுத்துச்சு" என்றார், கண் இமைக்காமல்.

அவருக்கு அவள் டீ போட்டுக் கொடுத்தாள். நல்ல டீ.

ஊர்வலத்தில் பெரியவர் பிரமாதமாக இருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. வழிநெடுக ஜனங்கள் போனில் படமெடுத்தார்கள். அவர் இரண்டு பக்கமும் கையாட்டினார். ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு இதற்காகவா இவ்வளவும் என்று இருந்தது. ஷோரூம் வாசலில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நிறுத்தினாள். பழைய வண்டிக்காரர்கள் உள்ளே வருமாறு மைக்கில் கூப்பிட்டார்கள்.

கணவர் இறங்கினார். குனிந்து சீட்டை மடக்கப் போனவரிடம், "இருக்கட்டும். கதவைச் சாத்துங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. கதவைச் சாத்தினார்.

"ரெண்டு நிமிஷம் அத்தான்" என்றாள் அவள். ஏசியை ஓடவிட்டே இறங்கினாள். அவளுக்கு அன்று அதுவும் இருக்கவில்லை.

பெரியவர் சற்று நேரம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைத் தட்டினார். கூட்டம் கையாட்டியது. உள்ளே மேடையில் பேச்சு தொடங்கிவிட்டது. மறுபடி தட்டினார். பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள் பிள்ளைகளின் கையையும் பிடித்து ஆட்டினார்கள்.

அவள் இரண்டடி தள்ளி நின்று, மேடையைப் பார்ப்பவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் மட்டும் அவர் காலில் இருந்தது.

கால் முன்னால் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இருட்டில் கட்டிலடியில் தன் செருப்பைத் தேடாமலே கண்டுபிடிக்கிற கால்போல, நேரே முன்சீட்டின் அடிக்குப் போயிற்று. அங்கே இங்கே துழாவவில்லை. கட்டைவிரல் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அந்த மழுங்கிய துண்டின்மேல் நின்று, அமுக்கியது.

அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினாள்.

"அங்க எதுவும் இல்ல அத்தான்."

பெரியவர் காலை இழுத்துக்கொண்டார். "என்னது?"

"பெடல். கம்பெனிக்காரன் வைக்கவே இல்லைன்னீங்களே."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வெறும் கண்ணில் ரொம்ப வயதாகித் தெரிந்தார்.

"அது... புதுக் கார்ப்பெட்டும்மா அப்ப. கண்ட காலும் மிதிச்சு அழுக்காயிடும்னு எடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

"கண்ட காலும்."

"ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. எந்தக் காலத்துக் கதை. கதவைத் திற, முட்டி வலிக்குது."

அவளிடம் இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு நிறைய இருந்தது. சிக்னல் சிக்னலாகத் தயாரித்தது. கார்ப்பெட்டுக்கு அத்தனையும் செலவழிக்க மனம் வரவில்லை.

"ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கணவர் மறுபக்கக் கதவின் அருகிலேயே நின்றிருந்தார். "திறந்து விட்டுரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். கை பிடியின்மேல் இருந்தது.

"அன்னைக்கு நீங்க டீ குடிச்சு முடிச்சீங்கல்ல?"

அவர் கையை எடுத்தார். கொஞ்ச நேரம் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

அவள் ஷோரூமுக்குள் போனாள். புது வண்டி பளபளவென்று நின்றது. பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். உள்ளிருந்தபடி திறந்து இறங்கினாள். மறுபடி ஏறினாள்; மறுபடி இறங்கினாள். விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எப்படி இருக்கு மேடம்?"

"கதவு நல்லாயிருக்கு."

தட்டில் டீ வந்தது. ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வெளியே மீன்தொட்டிக்குள் பெரியவர் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை. அவரைச் சுற்றிக் கையாட்டுகிறவர்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் டீயை ஊதினாள். ஆற விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். முடித்ததும், தட்டோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்னொண்ணு குடுங்க."