ஏழு மணிப் பாதை

ஞானமணியக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாவியின் மேற்குப் பக்கமான எங்கள் படுவான்கரையில், தண்ணீருக்குக் கூப்பிடு தூரத்தில் கத்தரியும் பயற்றங்காயும் போடுகிறவர். கணவர் போனபிறகு, பதினெட்டு வருடமாக எதிர்ப்பக்கத்து எழுவான்கரைச் சந்தையில் அவருக்கென்று ஓர் இடம். நாளின் முதலாவதான ஏழு மணிப் பாதையில், மரக்கறி நிரப்பிய உரப்பைகளோடு ஏறுவார். வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். இறங்கினால் துறையடியிலேயே சந்தை.

போன வருடம் அந்தக்கரைப் பிரதேச சபை, சந்தையை மூன்று கிலோமீற்றர் உள்ளே, புதிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. நல்ல கட்டடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பாதையை ஓட்டுவது எங்கள் சபை. அதனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதை கரை தட்டுவது ஏழரைக்கு. துறையடியில் அந்தச் சபை நேரம் குறித்த பஸ் புறப்படுவது ஏழேகாலுக்கு, அடுத்தது பத்து மணிக்குத்தான். எட்டு மணிக்குள் ஆள் வராத இடத்தை அன்றைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்கா சுமையோடு நடந்துபோய்ச் சேர ஒன்பதாகும். பிறகு வாசல் வெயிலில் குந்தியிருக்க வேண்டியதுதான். இப்படியே மூன்று மாதம் போனால் இடம் நிரந்தரமாகக் கைமாறும் என்று கடிதமும் வந்தது.

எங்கள் சபையில் கேட்டால், "பஸ் நேரம் அவங்கட வேல அக்கா."

அந்தச் சபையில், "பாதைய வெள்ளென விடச் சொல்லுங்க."

சண்டை என்றாலாவது கத்தலாம். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

மனுக்களை எழுதிக்கொடுத்தவன் நான். ஒன்பதாவது மனுவுக்கு இரண்டு சபையும் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்தன. முறைப்பாட்டுக்காரர் நேரில் வரவேண்டும். இடம், எழுவான்கரை மண்டபம். நேரம், காலை ஏழரை. விதைப்புக் காலமாம், உறுப்பினர்கள் நேரத்தோடு வயலுக்குப் போக வேண்டுமாம்.

"ஏழரைக்கு எப்பிடித் தம்பி?" என்றார் அக்கா. எங்கள் கரையில் மீன்பிடிக்கிற ரதீஸின் தோணியைக் கேட்டோம். இந்தக் காற்றில் விடமாட்டேன் என்றான். எங்கள் சபைத் தலைவர் பாலத்தால் சுற்றி வாகனத்தில் போனார். அக்கா பாதையில் போய், மிச்சத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். மண்டப வாசலில் காவலாளி மறித்தான். "கூட்டம் நடக்குது. முடியட்டும்."

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் மற்றக் கதவால் போய்விட்டார்கள்.

இரண்டு கிழமையில் அறிக்கை வந்தது. நான் வாசித்தேன். "முறைப்பாட்டுக்காரர் சமுகமளிக்கவில்லை. தற்போதைய நேரங்களே தொடரும்." இரண்டு தலைவர்களும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டு சபையும் ஒன்றாகக் கையெழுத்திட்ட கடிதத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அக்கா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வரல்ல எண்டா எழுதியிருக்கு, தம்பி? வாசல்ல நிண்டனே."