குறிஞ்சிப்பாடியில் யாரும் இல்லை

"சுலபமாக்குறேன்" என்று எவராவது கிளம்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்பவர்களில் பாதிப்பேர் சோம்பேறிகள், மீதிப்பேர் வேலை தெரியாதவர்கள் என்பது என் கட்சி.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ரத்தம் கொடுக்க முன்வருபவர்களின் பட்டியலை, ஒரு சங்கத்துக்காக, நான்தான் ஜாவாஸ்கிரிப்டில் செய்து கொடுத்திருந்தேன். பெயர்களெல்லாம் கிளவுட் டேட்டாபேஸில் இருக்கும். ஊருக்கு ஒரு கலெக்‌ஷன், அதாவது ஊருக்கு ஒரு கட்டு. ஒரு கட்டைத் திறந்து படிக்க எட்டு வரி எழுத வேண்டும். அந்த எட்டு வரியை நாற்பது இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தேன். அதில் பெருமை வேறு.

அண்ணாகிராமத்திலிருந்து வேலைக்கு வந்த பெண், சேர்ந்த இரண்டாம் வாரமே ஒரு சின்ன ஃபைலைக் காட்டினாள். எட்டு வரியையும் அதற்குள் அடைத்திருந்தாள். வெளியே ஒரு வரி போதும். ஊர்ப்பெயர்களையும் அங்கேயே ஒரே தடவை எழுதியிருந்தாள்.

"அண்ணா, ஊர்ப்பேர நீங்க ஒவ்வொரு எடத்துலயும் இங்கிலீஷ்ல கையால அடிக்கிறீங்க. ஒரு எழுத்து மாறுனாலும் தப்புன்னு சொல்லாது, காலியா இருக்குன்னுதான் சொல்லும். இதுல தப்பா அடிச்சா அங்கியே நின்னுடும்."

"அம்மி கொத்த சிற்பி எதுக்கும்மா? பக்கத்து ஊரு பேரு எழுதத் தெரியாதவனுக்கு வேணா இதக் குடு" என்றேன். ஆபீஸே சிரித்தது. அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

குறிஞ்சிப்பாடியை எப்போது தேடினாலும் 'யாரும் இல்லை' என்றே வரும். "அந்த ஊர்க்காரங்க ஊசியக் கண்டா ஓடுறவங்க" என்று அதற்கும் ஒரு நக்கல் வைத்திருந்தேன். "போன மாசங்கூட அங்க பேரு சேத்தமே சார்" என்று சங்கத்துக்காரர் வந்து நின்றபோது, "ஒழுங்கா சேத்திருக்க மாட்டீங்க" என்று விரட்டினேன்.

அப்புறம் என் அக்காவுக்குச் சிதம்பரத்தில் ஆபரேஷன். மறுநாள் காலை நான் ஆபீஸில் இருந்தபோது அவள் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"மச்சான், உங்கக்காவுக்கு ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ் வேணுமாம், இங்க இல்லங்குறாங்க. நீதான் ஆப்பு செஞ்சு வெச்சிருக்கியே, சீக்கிரம் பாரு."

"இதோ பாக்குறேன் மாமா" என்றேன். சிதம்பரத்தில் இருவர், ஒருவர் துபாய் போய்விட்டார், இன்னொருவர் மூன்று வாரம் முன்புதான் கொடுத்திருந்தார். கடலூரில் ஒரே ஒருவர், போனை எடுக்கவில்லை. குறிஞ்சிப்பாடி: யாரும் இல்லை. ஐயோ, அக்கா போய்விடுவாள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் எழுந்து வந்து டேட்டாபேஸை நேராகத் திறந்தாள். பெயர் சேர்க்கும் பக்கத்தில் குறிஞ்சிப்பாடிக்கு இங்கிலீஷில் ஒரு 'பி' போட்டிருக்கிறேன். தேடும் பக்கத்தில் இரண்டு 'பி'. சேர்ந்தவர்களெல்லாம் ஒரு கட்டில் இருக்க, இல்லவே இல்லாத ஒரு கட்டில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், மடையன். முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். ஓ நெகட்டிவ் ஒருவர். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த நம்பரை அழைத்தாள்.

அவர் பைக்கிலேயே சிதம்பரம் வந்துவிட்டார். அக்கா பிழைத்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது, முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அட, என்ன சார் நீங்க! பேரு குடுத்து ரெண்டு வருஷம் ஆவுது, இப்பத்தான் மொதமொதல்ல கூப்புட்டீங்க" என்றார். பிறகு சந்தோஷமாகவே சொன்னார்: "நல்லதுதான். இத்தினி நாளா யாருக்கும் தேவப்படல போலருக்கு."

தேடிப் பார்த்துவிட்டு 'யாரும் இல்லை' என்று படித்தவர்கள் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது.

"ஆமாங்க" என்றேன்.