அறுபத்திரண்டு அங்குல யன்னல்

மன்னார் பட்டினத்தில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டால் மற்றவர்கள் அந்த வீட்டுக்காரரின் ஊரையும் உறவையும் சொல்வார்கள். எனக்கு அந்த வீட்டு யன்னலின் உயரம்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் திரைச்சீலை தைக்கிறவள். கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்குப் பக்கத்தில், பலகைச் சுவர் ஒன்றுக்கு இந்தப் பக்கம், என் இரண்டு மெஷின்களும் இருக்கின்றன. திரைத் துணியைப் புடவைக் கடைக்காரரிடம் வாங்குவார்கள், தையலுக்கு என்னிடம் வருவார்கள்.

புடவைக் கடைக்காரர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது அவர் கடையைப் பூட்டுவதில்லை. வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, அதன் மேல் மீற்றர் கோலைக் குறுக்கே வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டுவார். அவர் திரும்பி வந்து கோலைக் கையில் எடுக்கும் வரை அந்தக் கடைக்கு நான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயப் பூசைக்குப் போனால் என் கடைக்கு அவர் பொறுப்பு. இப்படி வைத்துக்கொள்வோம் என்று நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அதுதான் வசதி. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

எந்த அளவுக்கு என்றால், வாடிக்கையாளரின் பெயரையே கேட்கமாட்டேன், முகமும் நினைவில் நிற்காது. அளவுக் கொப்பியில் பெயருக்குப் பதிலாக ஓர் அடையாளம் எழுதுவேன். "பச்சைக் கேற்." "இரண்டு தென்னை." "கிணற்றடிப் பக்கம் யன்னல்." அதற்குக் கீழே உயரம், அகலம். வீட்டுக்குப் போய் அளக்காமல், பழைய திரைச்சீலையைக் கொண்டுவந்து தருகிறவர்கள் என்றால் அந்த அடையாளமும் இல்லை. துணியின் நிறம்தான் அடையாளம்.

போன வருடம் கார்த்திகை மாதம், மழை தொடங்கியிருந்த நேரம், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பிரான்சில் இருந்து தொலைபேசி எடுத்தார். நல்ல மனிதர். தம்பி குடும்பத்தோடு வருகிறார், கிறிஸ்து பிறப்பு நத்தாருக்கு முன் வீட்டை விட்டுத் தந்தால் உதவியாக இருக்கும் என்றார். நான் "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் எங்கே போவது என்று யோசித்தேன்.

மன்னாரில் வாடகைக்கு வீடு கிடைப்பது அவ்வளவு லேசு இல்லை. இந்தியாவில் இருந்து திரும்பியவர்கள், இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தர்கள், மின்சாரக் காற்றாடி பூட்ட வந்தவர்கள் என்று எல்லோரும் இந்த ஒடுங்கிய தீவுக்குள்தான் வீடு தேடுகிறார்கள். ஒரு வீடு காலியாகும் செய்தி கடைத்தெருவுக்கு வருவதற்குள் அங்கே அடுத்த குடும்பம் அடுப்பு மூட்டிவிடும். என் கணவர் கொழும்புக்கு மீன் லொறி ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் ஊரில் இருக்கமாட்டார், நானும் இரண்டு பிள்ளைகளும்தான். வீடு கிடைக்காவிட்டால் தீவுக்கு வெளியே நறுவிலிக்குளத்தில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போவது என்று பேசி வைத்திருந்தோம். அங்கே இடம் இருக்கிறது. ஆனால் என் வாடிக்கையாளர்கள் கந்தோர் வேலை முடிந்து மாலையில் வருகிறவர்கள். அந்த நேரத்தில் நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். வீடு போனால் கடையும் போகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இந்தக் கடைக்காகத்தான் நான் திரும்பி வந்தேன் என்று சொன்னாலும் பிழை இல்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் ஓர் அறையை இரண்டு குடும்பத்துக்குப் பிரிக்க நடுவில் சேலையைக் கட்டுவார்கள். அந்தச் சேலைகளுக்கு நாடா வைத்துத் தைத்துத்தான் தொழில் பழகினேன்.

ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நத்தார் வேலை குவிந்திருந்தது. தையற்காரிக்கு வீடு போகிறது என்று தெரிந்தால், இவள் எங்கேயோ போய்விடுவாள் என்று துணியைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயம். நானாவிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அப்படி இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி போல ஓர் உத்தியோகத்தரின் மனைவி எட்டுச் சீலைகளோடு வந்தார். கத்தரிப்பூ நிறம், நல்ல கனமான துணி.

"இதெல்லாத்திலயும் பதினாலு அங்குலம் குறைச்சுத் தாங்கோ. அவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்திட்டுது. அங்க யன்னல் சின்னன்."

இவர்கள் போகிறார்கள் என்றால் மன்னாரில் ஒரு வீடு காலியாகிறது. நான் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. வாயைத் திறந்தேன்.

"மடிச்சுத் தைக்கிறதோ, வெட்டுறதோ?"

"வெட்டிவிடுங்கோ. திங்கட்கிழமை வந்து எடுக்கிறன்."

ஓட்டோ அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. திங்கட்கிழமை வரை அந்த வீடு இருக்காது என்று எனக்குத் தெரியும். சீலையை மேசையில் விரித்து அளந்தேன். மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் கழித்தால் யன்னல் அறுபத்திரண்டு அங்குலம். அகலம் முப்பத்துமூன்று. மன்னாரில் யன்னல்கள் நாற்பத்தெட்டு, மிஞ்சினால் ஐம்பது. இவ்வளவு உயரமாகவும் ஒடுக்கமாகவும் ஒரு யன்னலை நான் எங்கேயோ அளந்திருக்கிறேன்.

கொப்பியைப் புரட்டினேன். கை வேகத்தில் ஒரு தாள் கிழிந்தும் போனது. இரண்டு வருடத்துக்கு முந்திய பக்கத்தில் இருந்தது: "எழுத்தூர். கறுப்புக் கேற். மல்லிகைக் கொடி. 62, 33." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் யாருக்கும் தெரியாத செய்தி, ஓர் அளவுநாடாவால் என் கைக்கு வந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கதிரையைப் போட்டார். கோலை வைத்தார். தலையை ஆட்டினார்.

நானும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு ஒரு நாள் போல இருந்தது. வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். மழையில் நனைந்த இரண்டு கழுதைகள் எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றன. போகிறவர்கள் எல்லோரும் எழுத்தூருக்கே போகிறார்கள் என்று தோன்றியது. சும்மா நிற்க முடியாமல், ஒரு கண்ணை நானாவின் கடையில் வைத்துக்கொண்டு, எட்டுச் சீலைகளையும் ஒன்றன் பின் ஒன்றாகப் பதினாலு அங்குலம் வெட்டித் தள்ளினேன். அப்படி வேகமாக நான் ஒருநாளும் வெட்டியதில்லை.

நானா வந்து கோலை எடுத்ததும் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

"என்ன தங்கச்சி, ஆருக்கும் சுகமில்லையோ?" என்று பின்னால் கேட்டார். நான் திரும்பவில்லை.

கறுப்புக் கேற்றைத் திறந்தவர் சீலை கொண்டுவந்தவர் இல்லை, ஒரு பள்ளிக்கூட ரீச்சர். தனியாக வாடகைக்கு இருப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது; அப்போது அவரையும் உத்தியோகத்தர் வீட்டு ஆள் என்றே நினைத்தேன். வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம் எனக்கு மறந்துவிட்டது.

"நீங்கள் போனாப் பிறகு நாங்கள் இந்த வீட்டுக்கு வரலாமோ?"

"நான் எங்க போறன்?"

"வவுனியாவுக்கு."

"நான் வவுனியாவுக்குப் போறன் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? வீட்டுக்காரர் அனுப்பினவரோ? அஞ்சு வருசமா இருக்கிறன், ஒரு வார்த்தை சொல்லாமல் ஆளை அனுப்புறாரோ?"

அவருடைய முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். நான் பிரான்ஸ் போனைக் கேட்டபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். "இல்லை ரீச்சர், பிழையா வந்திட்டன்" என்று சொல்லிவிட்டு, குடையை அங்கேயே மறந்து, நனைந்துகொண்டு திரும்பினேன்.

அடுத்த நாள் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ரீச்சர் என் குடையோடு வந்து நின்றார். வீட்டுக்காரரைத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டிருக்கிறார். அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் பண்ணியிருக்கிறார்.

"ராத்திரி முழுக்க நித்திரை இல்லை எனக்கு. இப்ப சொல்லும். ஆர் உமக்கு அந்தக் கதையைச் சொன்னது?"

சத்தம் கேட்டு நானா பலகைச் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். இனி மறைக்க வழி இல்லை. கொப்பியைத் திறந்து காட்டினேன். வெட்டிய சீலைத் துண்டுகளைக் காட்டினேன். எங்கள் வீடு போகிறது என்பதையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் நான் ஒரே மூச்சில் பேசிய அதிகப் பேச்சு அதுதான்.

நானா கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தொண்ணூறில முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுத் துரத்தினாப் பிறகு, வீடு இல்லாமல் புத்தளத்தில இருபது வருசம் இருந்தவன் நான். என்னட்டச் சொல்லாமல் யன்னலிட்டக் கேட்டனீங்களோ?"

எனக்குத் தலை நிமிரவில்லை. ரீச்சர்தான் கொப்பியை வாங்கி மறுபடி பார்த்தார். கோபம் இறங்கியிருந்தது.

"இந்த யன்னலால நான் பட்ட பாடு. கடையில விக்கிற சீலை ஒண்டும் எட்டாது. மேசன் பிழையா யன்னல் நிலை செய்விச்சுப் போட்டார் எண்டு வீட்டுக்காரர் அப்பவே சொன்னவர்."

"எந்த மேசன்?" என்றார் நானா.

ரீச்சர் சொன்ன மேசன் அந்த நேரம் முன்னால் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் மேசன்மார் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். நானா வாசலில் நின்று கையைத் தட்டினார். அவர் வடையோடு எழும்பி வந்தார்.

"அறுபத்திரண்டு யன்னல் எத்தினை வீட்டில வச்சனீர்?"

"இப்பவும் அதை விடமாட்டீங்களோ?" என்றார் மேசன். "தச்சுப் பட்டறைக்குத் துண்டு எழுதிக் குடுக்கேக்க பிழைச்சுப் போச்சு. பதினாறு நிலை வந்திறங்கிட்டுது. எறியவோ? எட்டை எழுத்தூரில வச்சன். மிச்ச எட்டும் உப்புக்குளத்தில, ஹாஜியாற்ற வாடகை வீட்டில. நல்ல காத்து வரும் எண்டு சொல்லித்தான் வச்சன். காத்து வருகுதுதானே ரீச்சர்?"

"காத்தும் வருகுது, கழுதையும் எட்டிப் பாக்குது" என்றார் ரீச்சர்.

எட்டு நிலை, எட்டுச் சீலை. நான் செருப்பைப் போட்டுவிட்டேன். மேசன் மோட்டார் சைக்கிளை எடுக்க ஓடினார். கடையைப் பூட்டவும் இல்லை, நானாவைப் பார்த்துத் தலையை ஆட்டவும் இல்லை, அப்படியே இறங்கினேன். மோட்டார் சைக்கிள் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். நானா என் வாசலில் கதிரையைப் போட்டு மீற்றர் கோலைக் குறுக்கே வைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையில்.

உப்புக்குளத்து ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். மேசன் காலைத் தூக்கிக்கொண்டு ஓட்டினார். வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு வான் வண்டி நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒருவர் தன் கொம்பனி ஆட்களுக்காக அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தியோகத்தரின் மனைவி பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். வீட்டுக்கார ஹாஜியார் வயதானவர். விறாந்தையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அட, எங்கட தையல்காரி" என்றார் உத்தியோகத்தரின் மனைவி. "திங்கட்கிழமைதானே வாறன் எண்டனான்?"

மேசன் எனக்காகப் பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். அது எப்படி நடந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"ஹாஜியார், எங்களுக்கு வீடு வேணும். ரெண்டு பிள்ளையள். அவர் லொறி ஓட்டுறவர். வீட்டில மெஷின் வைக்கமாட்டன், அது கடையில இருக்கு. வீடு கிடைக்காட்டிக் கடையை மூட வேணும்."

வானில் வந்தவர் சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையில புடவைக் கடை வாசலில நிக்கிற பிள்ளைதானே?"

"ஓம்."

"ஜும்ஆவுக்குப் போகேக்கயும் பாக்கிறன், வரேக்கயும் பாக்கிறன். நேற்று மழைக்குள்ளயும் நிண்டீங்க. கால் மட்டும் நிலத்தில நிக்கேல்ல."

நேற்று நான் ஒரு மணித்தியாலம் துடித்துக்கொண்டு நின்றதும், கடையை விட்டு ஓடிவிடலாமோ என்று நினைத்ததும் எனக்கு நினைவுக்கு வந்தன. ஓடியிருந்தாலும் எழுத்தூருக்குத்தான் ஓடியிருப்பேன்.

ஹாஜியார் வானில் வந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது போல் கையை நெஞ்சில் வைத்தார்.

"தம்பி, நீங்க வேற இடம் பாருங்கோ. அந்த மனுசன் கடையைத் திறந்து விட்டிட்டுத் தொழ வாறார், இவவை நம்பி. நான் ஒரு வீட்டுத் திறப்பைக் கையில குடுக்க யோசிக்கிறதோ?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மேசன் யன்னல் நிலையைத் தட்டி, "பாத்தீங்களோ, என்ர பிழையால ஒரு வேலை முடிஞ்சுது" என்றார். வேணுமென்றால் இப்போதே அளந்துகொண்டு போகலாம் என்று உள்ளே கையைக் காட்டினார் ஹாஜியார்.

"அளக்கத் தேவையில்லை" என்றேன்.

உத்தியோகத்தரின் மனைவி என் தோளைத் தொட்டார்.

"நல்லதாப் போச்சு. இவர் நேற்றிரவுதான் சொன்னவர், அங்க புதுச் சீலை வாங்குவம், இதுகளை வீட்டோட விட்டிட்டுப் போவம் எண்டு. நீங்கள் இன்னும் வெட்டேல்லைத்தானே?"

நான் மேசனைப் பார்த்தேன். என் மேசையில் வெட்டிய துண்டுகளைக் கண்டிருந்த மேசன் நிலத்தைப் பார்த்தார்.

நத்தாருக்கு ஆறு நாள் முன் குடி போனோம். ஊரில் பாதி வீடுகளில் நான் தைத்த புதுச் சீலை தொங்கியது. எங்கள் எட்டு யன்னலிலும் கத்தரிப்பூச் சீலைதான், ஒவ்வொன்றும் பதினாலு அங்குலம் கட்டையாக. வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியால் காலை வெயிலும் காற்றும் உள்ளே வந்தன. நத்தார் அன்று பலகாரம் கொண்டு நானா குடும்பத்தோடு வந்தபோது ஒரு கழுதையும் அதற்குள்ளால் எட்டிப் பார்த்தது.