உதிலை மட்டும் ஒரு ஓட்டம்

அண்ணை உயிரோடு இருந்தபோதே ஒருநாள் எங்கள் வீட்டில் செத்தவீடு கூடிவிட்டது. காலை ஆறே கால் மணி இருக்கும். நான் ஒழுங்கை முகப்புக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் படலைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் வெள்ளை வேட்டியோடு. முன்வீட்டு அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் ஒரு கையை வைத்து, ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தும்விட்டார். கிணற்றடியில் பல்லு விளக்கிக்கொண்டு நின்ற அண்ணை சத்தம் கேட்டு, வாயில் நுரையோடு வந்து படலையைத் திறந்து, "ஆர் மோசம் போனது?" என்று கேட்டார். எடுத்த அடியை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் முன்வீட்டு அக்கா திறந்த வாயோடு நின்றார். இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நான்தான். நான் ஓடினேன், வேறொன்றும் செய்யவில்லை.

அண்ணை முப்பது வருசம் லொறி ஓடியவர். கொடிகாமம் சந்தையில் தேங்காயும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்த் திரும்புவார். வழியில் நிற்பாட்ட நேரமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓடியதால்தான் சிறுநீரகம் போனது என்று அவருடைய மனைவி, என் மச்சாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி ஆறிக்கொள்வார். வைத்தியர் இரத்த அழுத்தம், சீனி வியாதி என்று வேறு காரணங்கள் சொன்னார். காரணம் எதுவானால் என்ன, கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு நாலு மணித்தியாலம் படுத்துக் கிடக்கும் நிலைக்கு வந்துவிட்டார். மச்சாளின் இரத்தவகை பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. கலியாணம் சரிவராமல், அதே வளவுக்குள் பின்வீட்டில் தனியே இருப்பவள். என்னிடம் இருப்பதில் ஒன்றை எடுக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியர் அறிக்கைகளைப் பார்த்தார், பிறகு என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "நிறையும் கூட, சீனியும் எல்லையிலை நிக்குது. இப்பிடியே எடுத்தால் நாளைக்கு நீங்களும் உந்தக் கட்டிலிலைதான் படுப்பியள். மூண்டு மாதத்திலை எட்டுக் கிலோ குறைச்சுக்கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார். நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் ஆறுதலாக நடந்து போகிற எனக்கு, அண்ணையின் உயிரை எட்டுக் கிலோ என்று நிறுத்துத் தந்தார்கள்.

நடந்தால் போதாதா என்று அங்கிருந்த தாதியிடம் கேட்டேன். "நடந்தால் சுணங்கும் அக்கா, ஓடிப் பாருங்கோ" என்றார். அடுத்த திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு, கனடாவிலிருந்து வந்து அலுமாரியில் சும்மா கிடந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் காலைக் காற்றையும் பறவைச் சத்தத்தையும் எழுதுகிறார்கள். எனக்குக் கேட்டது என் மூச்சு மட்டும்தான். நாலாவது மின்கம்பத்தோடு நின்றுவிட்டேன். விலாவில் குத்தியது, வாய் கைத்தது. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என்னிடம் படிக்கிற இரண்டு பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டி "குட் மோர்னிங் ரீச்சர்" என்று கத்தின. ஒழுங்கை நாய்கூட என்னைத் துரத்தவில்லை, துரத்துகிற அளவுக்கு நான் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது அழுதேன். மறுநாளும் அதே மின்கம்பம், அதே அழுகை.

எங்கள் ஊரில் ஒருவர் வெளிக்கிடும்போது "எங்கை போறியள்" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. "துலைக்கே?" என்றுதான் கேட்க வேண்டும், தூரத்துக்கா என்று பொருள். போகிறவரும் இடத்தைச் சொல்லமாட்டார். கொழும்புக்கே போனாலும் "உதிலைதான்" என்பார். உதிலை என்றால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை, சும்மா கண்ணுக்கு எட்டின ஓரிடம். இந்த மரியாதையெல்லாம் நடந்து போகிறவர்களுக்குத்தான். நாற்பது தாண்டிய எல்லாரும் ஷெல்லுக்கும் குண்டுக்கும் ஓடுப்பட்டுத் திரிந்தவர்கள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கையில் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள். வயது வந்த ஒரு மனுசி காரணமில்லாமல் தெருவில் ஓடுவாள் என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். ஓடினால் ஏதோ நடந்துவிட்டது. அதுவும் வீட்டில் நோயோடு கிடக்கிற ஒரு வருத்தக்காரரை வைத்துக்கொண்டு ஓடினால் கேட்கவே வேண்டாம்.

நாலாம் நாள் ஓடியும் நடந்தும் வைரவர் கோயிலடிக்குப் போனபோது, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். "என்ன ரீச்சர், ஆருக்கு என்ன? அண்ணைக்கு ஏதும்...?" நான் முழங்காலைப் பிடித்துக் குனிந்துகொண்டு நின்றேன். கண்ணுக்குள் வியர்வை போய் நீர் வடிந்தது. கதைக்க மூச்சில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம் என்று சொல்லியும் கேட்டும் பழகிய சனத்திடம் கையை விரித்தால் என்ன விளங்கும்? "முருகா!" என்று தலையில் கை வைத்தவர், மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தார். நான் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் செய்தி மூன்று ஒழுங்கை தாண்டிவிட்டது. யாரோ ஒருவர் பந்தல்காரருக்கும் சொல்லிவிட்டாராம்.

அன்றைக்கு அண்ணை சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சிரித்து நான் காணவில்லை. "என்ரை செத்தவீட்டுக்கு ஆர் ஆர் வருவினம் எண்டு பாத்திட்டன். வராத ஆக்களையும் குறிச்சு வைச்சிருக்கிறன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய் இருந்து அழுதார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சப்பாத்தைக் கழற்றி அலுமாரிக்கு மேலே எறிந்தேன். இரண்டு நாள் போகவில்லை. அண்ணைக்கு அது வாய்ப்பாகப் போய்விட்டது. அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் விருப்பமில்லை. "நல்லதாப் போச்சு, விட்டிடு. நீ தனி மனுசி. நாளைக்கு உனக்கு ஒண்டெண்டால் ஆர் பாக்கிறது? தங்கச்சியை அறுத்து எடுத்துத்தான் நான் இருக்க வேணுமே?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "ஓடுறது என்ரை கால். நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் அவரிடம் நான் அப்படிக் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் விடிய ஒழுங்கையில் இறங்கினால், முகப்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் சாறமும் போர்வையும் கம்பளித் தொப்பியுமாக அண்ணை. "இந்தப் பனிக்குள்ளை ஏன் இதிலை இருக்கிறியள்?" என்று கேட்டேன். "நான் உயிரோடை இருக்கிறன் எண்டு சனத்துக்குத் தெரிய வேண்டாமே? நான் இதிலை இருந்தால் ஒருத்தரும் உன்னை மறிக்கமாட்டினம்" என்றார். பிறகு, முன்பின் தெரியாத ஒரு ஆளைக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "துலைக்கே?" என்றார். "உதிலைதான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் சிறுநீரகம் அவருக்கு வேண்டாம். ஆனால் என்னைப் பார்த்து ஊர் சிரிப்பதையும் அவரால் பொறுக்க முடியவில்லை. அண்ணை அப்படிப்பட்ட ஆள்.

ஆஸ்பத்திரி நாட்கள் தவிர மற்ற எல்லா நாளும் அவர் அங்கே இருந்தார். ஒருநாளும் என்னைப் பாராட்டவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. "நான் முப்பது வருசம் இருந்துகொண்டு ஓடினன், நீ காலாலை ஓடுறாய், உனக்கு விசர்" என்று பகிடி மட்டும் விடுவார். பிள்ளைகளுக்கு ஊக்கம் என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அந்தச் சாமான் கடைசிவரை வரவில்லை. ஒவ்வொரு நாளும் அலாரம் அடித்தவுடன் இன்றைக்கு வேண்டாம் என்றுதான் நினைப்பேன். வருத்தக்கார மனுசன் பனிக்குள் எழும்பி வந்து இருக்கிறாரே என்ற கூச்சம்தான் என்னை எழுப்பியது. திரும்பி வரும்போது அவருக்கு முன்னால் தண்ணீர் குடிக்கமாட்டேன். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருந்தது. முதல் கிழமை தெரியாமல் ஒரு போத்தலை மடக்கு மடக்கென்று குடித்தபோது அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதன் பிறகு பின்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன்.

மருதனார்மடம் சந்தியில் மருந்துக்கடைத் தராசில் சனிக்கிழமைகளில் ஏறுவேன். மூன்று கிழமை சோற்றைக் குறைத்து, தேத்தண்ணீரில் சீனி போடுவதை விட்டு, கால் வீங்க ஓடியதற்குத் தராசு அறுநூறு கிராம் காட்டியது. அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் பூசை, அவலும் கடலையும் வந்து அதில் பாதியைத் திரும்பக் கொடுத்துவிட்டது. மாரி தொடங்கி ஒழுங்கை முழுக்கச் செம்பாட்டுச் சேறு. சப்பாத்து இரண்டும் இரண்டு கிலோ கனக்கும். அப்படியும் நாலாவது மின்கம்பம் எட்டாவது மின்கம்பமாகி, வைரவர் கோயிலாகி, இடையில் இரண்டு தரம் நின்று நின்று, பள்ளிக்கூட மதில் வரைக்கும் போனது. "உன்ரை உதிலை வரவர நீண்டுகொண்டு போகுது" என்றார் அண்ணை. அதுதான் அவர் சொன்னதில் பாராட்டுக்குக் கிட்ட வந்த வார்த்தை.

பத்தாவது கிழமை ஒருநாள் நான் வெளிக்கிட்டபோது அவர் வழமையாகக் கேட்பதைக் கேட்கவில்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு கொள்ளவில்லை. என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, டொக்டர் ஓமெண்டால் எடுக்கட்டும். எனக்கும் இன்னுங் கொஞ்சம் இருக்க ஆசையாக் கிடக்கு." அதைச் சொல்ல அவர் எவ்வளவு கூசினார் என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று ஓடிவிட்டேன். மூன்று மாதம் முடியும்போது ஏழரைக் கிலோ குறைந்திருந்தது. வைத்தியர் அரைக் கிலோவை மன்னித்தார். கடைசிப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு சொல்வோம் என்றார்கள்.

எட்டாம் நாள் அண்ணைக்கு ஆஸ்பத்திரி நாள். விடியவே மச்சாள் அவரை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வழமைபோல ஓடிப் பள்ளிக்கூட மதிலடியில் நின்று மூச்சு வாங்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. "வாங்கோ, உடனை வாங்கோ" என்றார் மச்சாள். வேறொன்றும் சொல்ல அவரால் முடியவில்லை. பிரதான வீதிக்குப் போனால்தான் வாகனம் பிடிக்கலாம். அங்கிருந்து இரண்டு கிலோமீற்றர் இருக்கும். நான் ஓடினேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை, என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நிற்காமல் ஓடியது அன்றைக்குத்தான். தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர்கள் கையை உயர்த்தினார்கள். கடைக்காரர் வெளியே வந்து, "இண்டைக்கு நல்ல ஓட்டம் ரீச்சர்!" என்றார். பக்கத்துத் தோட்டக்காரர் எதிரே மோட்டார் சைக்கிளில் வந்து, நான் ஓட இடம் விட்டு ஓரமாக ஒதுக்கி, சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, கத்த மூச்சில்லை. என்னை எத்தனை பேர் மறித்த தெரு அது. அன்றைக்கு ஒருவராவது மறித்து, ஆருக்கு என்ன, ஏறுங்கோ என்று சொல்லியிருக்கலாம். நான் போய்ச் சேர்ந்தபோது இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டார்கள். இடையில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

செத்தவீட்டில் அந்தத் தோட்டக்காரர் என் முன்னால் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டார். "என்னைத் தாண்டித்தானே ரீச்சர் ஓடினியள்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரில் என்ன பிழை? நான் ஓடுகிறவள் என்று ஊருக்குப் பழகிவிட்டது. பழக்கியவர் அண்ணைதான்.

இரண்டு வருசமாகிவிட்டது. நான் இப்போதும் கிழமைக்கு மூன்று நாள் ஓடுகிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது, படுத்துக் கிடந்தால் நினைவுகள் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த ஆசிரியைமார் எப்படித் தொடங்குவது, எப்படி விடாமல் ஓடுவது என்று கேட்கிறார்கள். நல்ல சப்பாத்து வாங்குங்கோ, முதல் மாதம் தராசில் ஏறாதையுங்கோ என்று ஏதோ சொல்லிவைப்பேன். ஆனால் செத்தவீடு முடிந்த மறுநாள் வந்த தொலைபேசியைப் பற்றி மச்சாளுக்குக்கூட இதுவரை நான் சொன்னதில்லை. எடுத்தது முதலில் என்னை ஓடச் சொன்ன அதே தாதி. அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் வேறு பகுதி. "அக்கா, சந்தோசமான செய்தி. உங்கடை றிப்போட் எல்லாம் நல்லா வந்திருக்கு, நீங்கள் குடுக்கலாம். வாற புதன்கிழமை அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அந்தப் பிள்ளையின் குரலில் அவ்வளவு சந்தோசம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, அந்த ஒரு நிமிசம் அது நடக்கக்கூடிய காரியமாகவே எனக்குப் பட்டது.

"ஓம்" என்றேன், "கூட்டிக்கொண்டு வாறன்."