இலுப்பைக் கிளை

நில உச்சவரம்புச் சட்டம் வந்த புதிதில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஊரில் நான் பயிர் யோசனை சொல்லும் கிராம சேவக்காக இருந்தேன். வயல் பார்க்கப் போனால் அந்த ஊர்க் கவிஞரும் கூடவே வருவார். ஒட்டிய கன்னம், வெற்றிலைக் கறை பட்ட ஜிப்பா. அவர் பாடியதெல்லாம் அய்யனார் கோயில் காட்டைத்தான். அந்தக் காடு இருந்த இடத்தில் அப்போது குறுவை நட்டிருந்தார்கள்.

கோயில் காட்டுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். காடு போன பிறகும், வரப்பில் அதன் எல்லை வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். கொஞ்ச தூரம் போனதும், தலைக்கு மேல் வெறும் வானம்தான் என்றாலும், குனிந்து நடப்பார்.

“ஏங்க குனியுறீங்க?”

“இலுப்பைக் கிளைங்க. தலையில இடிக்கும்.”

“காட்டை யாருங்க வெட்டினது?”

“பண்ணையாருக்கும் கூலி ஆளுங்களுக்கும் இந்த நிலத்துக்காக அடிதடி. காட்டை வெட்டுறதுல மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணாயிட்டாங்க. நான் குறுக்கே போய் விழுந்தேன். ‘அதான் உங்க பாட்டுல பத்திரமா இருக்கே, எழுந்து போங்க கவிஞரே’ன்னு சிரிச்சாங்க.”

மறுவருஷக் குறுவைக்குப் போனபோது ரொம்பத் தளர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். காட்டின் எல்லை வந்தது. செருப்பைக் கழற்றவில்லை. அந்த இடத்தை நிமிர்ந்தபடியே கடந்து போனார். பின்னால் வந்த நான்தான் குனிந்துவிட்டேன்.

“கிளை இருக்குங்களே...” என்றேன்.

நின்று, மேலே பார்த்தார்.

“எந்தக் கிளைங்க?” என்றார், நிஜமாகவே தெரியாதவர் போல.