சாப்பிடும் கை எது?

சென்ற வாரம் வனஜாவின் இடது முன்கையில் நீல மையால் போட்டிருந்த கோட்டைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

வனஜா அண்ணனூர் ஸ்டேஷன் அருகே பிளவுஸ் தைப்பவர்; என் மனைவிக்கும் அவர்தான் தைத்துக் கொடுப்பார். மறுநாள் காலை அவருக்கு பைபாஸ். கணவர் ஏகாம்பரம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "நீங்க இதெல்லாம் பாத்தவரு சார், கூட இருங்க" என்று என்னையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார்.

பார்த்தவன்தான். என் மனைவியின் பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்தார்கள். கணுக்காலிலிருந்து தொடை வரை தையல். நெஞ்சு ஆறிய பிறகும் கால் ஆறவில்லை. இப்போது முன்கைத் தமனியை எடுக்கிறார்கள் — மணிக்கட்டருகே சிறு கீறல், அதன் வழியே ஒரு கேமரா, அவ்வளவுதான். "இதைக் கொஞ்சம் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டிருப்பாள். அவள் போய்ப் பதினோரு மாதம்.

தமனியை அதிகம் புழங்காத கையிலிருந்துதான் எடுப்பார்கள். சிலருக்கு விரல்கள் கொஞ்ச காலம் மரத்துப்போகலாம் என்பதால். கோடு போட்டிருந்தது இடது கையில். ஆனால் வனஜா துணி வெட்டுவதே அந்தக் கையால் அல்லவா?

"எந்தக் கை என்று உங்களைக் கேட்டார்களா?"

"சாப்புட்ற கை எதுன்னு நர்ஸம்மா கேட்டுச்சு சார். சோத்துக் கையக் காட்டினேன். கையெழுத்தும் அதுலதான போட்டேன்?"

சாப்பிடும் கையை நம் வீடுகளில் உடலா தீர்மானிக்கிறது? வீட்டில் ஓர் அதட்டல், பள்ளியில் ஸ்கேலால் ஓர் அடி... சோறும் எழுத்தும் வலது கைக்குப் போய்விடுகின்றன. கத்திரிக்கோலை மட்டும் யாரும் கவனிக்கவில்லை; அது இடது கையிலேயே தங்கிவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும்? என் மனைவி ஒருமுறை வனஜாவுக்குப் புதுக் கத்திரிக்கோல் வாங்கிக் கொடுத்தாள். "இது எனக்கு ஆவாதுக்கா, நான் பீச்சாங்கை" என்று திருப்பித் தந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து சிரித்தபடி சொன்னாள். நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டாக்டரிடம் சொல்லிவிடலாம்" என்றேன்.

ஏகாம்பரம் பதறினார். "அய்ய, நாளிக்கு ஆபரேசன வெச்சிகினு இப்பப் போயி சொன்னா கோச்சிக்க மாட்டாரா சார்? சோத்துக் கையில கத்தி வெச்சா இது எப்டி சாப்புடும்?"

"ஊட்டி வுட நீ கீற இல்ல?" என்றார் வனஜா. "கத்திரி புடிக்க யாரு வருவா, நீயா? நீ வெட்டினா ஜாக்கெட்டுக்கு மூணு கை இருக்கும்!"

ஏகாம்பரத்தின் தயக்கம் எனக்குப் புதிதல்ல. என் மனைவியின் அறுவை சிகிச்சைக்கு முன்பு, நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்திட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. படித்தவன் என்று பெயர். இம்முறை எழுந்து போய் நர்ஸிடம் சொன்னேன்.

அறுவை மருத்துவரே வந்தார். வனஜாவின் வலது மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடித்தார். உள்ளங்கை வெளுத்தது. ஒன்றிலிருந்து மட்டும் விரலை எடுத்தார். சில நொடிகளில் நிறம் திரும்பியது. அந்த ஒரு தமனியே கைக்குப் போதும் என்று பொருள்.

"இந்தக் கையிலேயே எடுத்துக்கலாம்மா" என்றார். "நாங்கதான் கேள்வியைச் சரியா கேட்டிருக்கணும்."

இடது கையின் கோட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார்கள். மறுநாள் அறுவை நல்லபடியாக முடிந்தது.

நேற்று வார்டுக்குப் போனேன். வலது கையில் சிறிய கட்டு. கட்டைவிரல் இன்னும் மரத்திருக்கிறது என்றார் வனஜா. அதுவே கத்திரிக்கோல் பிடிக்கும் விரலாக இருந்திருந்தால்...?

பேசியபடியே இடது கையால் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்களா என்று ஏகாம்பரம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இந்தா, ஸ்பூனுல துன்னு. எல்லாம் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே! இம்மா வருசமா ஒழைச்ச கை, இன்னிக்குத்தான் ஒரு இட்லி துன்னுது. அதுவும் உனக்குப் பொறுக்கலியா?"

நான் எழுந்து, சட்னிக் கிண்ணத்தை வனஜாவின் இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.